பீனசமும் கண்ணொளியும்

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே மக்கள் தம் நோயை வைத்தியருக்கு எடுத்துரைக்கப் பயன்படுத்துஞ் சொற்களுட் பீனசம் என்பது மிகப் பழையது. மிகப் பரந்த பொருளுடையதும் அதுவேயாம். மூக்கடைப்புப் பீனசம் எனப்படும். நெற்றிவலியும் பீனசம் எனப்படும். விடியற்காலையிற் பெரட்டுக்களத்துக்குப் புறப்படுமுன் பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து தும்முவதும் பீனசமே. இவ்வாறு பல நோய்களைத் தன்னுள் அடக்கிக்கொண்ட இச்சொல், கண் மங்குதலையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கின்றது. “தலை கனமா இருக்குங்க ஐயா, கண்ணும் மங்கலாத் தெரியுதுங்க” என்று தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு தாய் கூறுவாளாயின், பீனசம் கண்ணுக்கு இறங்கிவிட்டது என்று அயலில் நிற்போர் அங்கேயே தீர்ப்புக் கூறிவிடுவர்.

இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. ஆயினும் எப்பொழுதும் பிழையன்று. மூக்கைச் சூழ்ந்த அறைகளில் உண்டாகும் அழற்சி கண்ணின் ஒளியை உண்மையாகவே கெடுக்கும் நிலைகள் சில உள. அந்நிலைகளில் ஒரு பகலும் ஓர் இரவும் தாமதித்தலே கண்ணை இழப்பதற்குப் போதியதாகும். எல்லா மங்கலையும் பீனசத்தின் தலையிலே சுமத்துவோர் கண்ணாடியாலோ சிறு சத்திர சிகிச்சையாலோ தீரக்கூடிய குறையுடன் பல்லாண்டு வாழ்கின்றனர். பீனசந்தானே என்று பொறுத்திருப்போருட் சிலர் மீளாத குருட்டை அடைகின்றனர். இவ்விரு தவறுகளும் ஒரே சொல்லிலிருந்து பிறப்பன. செங்குத்தான மலைச்சரிவிலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரை பிடித்து நடக்கும் ஒருத்திக்கு இரு கண்ணும் வேண்டும். தூரத்தையும் ஆழத்தையும் அளந்து அடிவைத்தற்கு இரு கண்ணும் ஒருங்கே தொழிற்படல் இன்றியமையாதது. ஆதலின் அச்சொல்லின் உள்ளே அடங்கியவற்றைப் பிரித்தறிவது பயனுடைய முயற்சியாம்.

தமிழ் வைத்திய மரபு கண்ணையும் மூக்கையும் முற்றாக வேறுபடுத்தி நோக்கியதன்று. கண்ணோய்களை மட்டும் வகுத்துரைக்கும் நயனவிதி என்னும் பெயருடைய நூல்கள் அகத்தியர் பெயராலும் நாகமுனிவர் பெயராலும் வழங்குகின்றன. கண்ணோய் 96 என்பது சித்த வைத்தியர் கொள்கை. மூக்கின் வழியாக மருந்தைச் செலுத்தும் நசியம் என்னும் முறை தலைநோய்களுக்கு விதிக்கப்பட்டது. கழுத்துக்கு மேலுள்ள உறுப்புக்கள் அனைத்தும் ஒரு குடும்பத்தவை என்னுங் கருத்து இதனுள் அமைந்து கிடக்கின்றது. அக்கருத்து வியக்கத்தக்கது, எனினும் அவ்வுறுப்புக்களுக்கிடையே உள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பது மண்டையோட்டை அறுத்துப் பார்த்த பின்னரே தெளிவாயிற்று. அவ்வறிவு ஈழநாட்டுத் தமிழர்க்குத் தமிழ் வாயிலாகவே கிடைத்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் மாணாக்கரும் உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழிலே கற்பித்தனர், நூல்களும் ஆக்கினர்.

இனிக் கண்ணின் இருப்பிடத்தை நோக்குக. கண் அமைந்துள்ள குழி, கூர்முனை பின்னோக்கிய ஒரு கூம்பு போன்றது. அதன் முச்சுவர்களுக்கு அப்பால் காற்று நிரம்பிய அறைகள் உள. மேற்கூரையின் மேல் நெற்றிக்குடா. கீழ்த்தரையின் கீழ் கன்னக்குடா. மூக்கை நோக்கிய உட்சுவருக்கு அப்பால் தேன்கூடு போலச் சிறுசிறு கண்ணறைகளாக அமைந்த நெய்யரிக்குடா. கூம்பின் கூர்முனைக்கு அருகில், தலையின் நடுவே மிக ஆழத்தில், ஆப்புருக்குடா என்னும் நான்காவது அறை உளது. இவையெல்லாம் இணையிணையாக இருபுறமும் அமைந்து, சிறிய துவாரங்களின் வழியே மூக்கினுள்ளே திறப்பன. இவற்றுக்குப் பொதுப்பெயர் நாசிக்குடா என்பதாம். இவற்றின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வு அழற்சியுறுதலையே இக்காலத்தார் ‘சைனஸ்’ என்று கூறுவர்.

நெய்யரிக்குடாவுக்கும் கட்குழிக்கும் இடையேயுள்ள சுவர் காகிதம் போன்றது என்று கூறுவது உவமை மட்டுமன்று. காகித ஏடு என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரையே உடற்கூற்றியலார் அதற்கு இட்டுள்ளனர். அதன் கனம் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்தது. அச்சுவரையும் நரம்புகளுக்கும் குருதிக்கலன்களுக்கும் வழிவிடுஞ் சிறுதுளைகள் ஊடுருவுகின்றன. லயத்துக் காம்பராவில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. நடுவே ஒரு மெல்லிய சுவர். ஒரு வீட்டில் மூட்டிய அடுப்பின் புகை மறுவீட்டுக் கூரையின் கீழ் உலாவும். அங்கு இருமினால் இங்குக் கேட்கும். கண்ணும் நாசிக்குடாவும் அத்தகைய அயல்வீட்டார்.

ஆப்புருக்குடாவின் நிலை இன்னும் நெருக்கமானது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு அதன் பக்கச்சுவரை ஒட்டியே செல்கின்றது. சிலருக்கு நரம்பின்மேல் என்பு மிக மெலிந்திருக்கும். வேறு சிலருக்கு ஓரிடத்தில் என்பே இராது, மென்சவ்வு ஒன்றே தடையாக நிற்கும். புடாபெஸ்ட் நகரத்து மூக்குநோய் வைத்தியராகிய ஒனோடி என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வயன்மையை நுணுகி ஆராய்ந்தார். நெய்யரிக்குடாவின் பின்கோடியிலுள்ள ஓரறை சிலருக்கு வழக்கத்தை மீறிப் பின்னோக்கி வளர்ந்து பார்வை நரம்பைத் தழுவி நிற்பதுண்டு. அவ்வறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நலமான உடலில் இவ்வறைகள் தம்மைத் தாமே தூய்மை செய்வன. மென்சவ்வின்மேல் கண்ணுக்குப் புலனாகாத பிசிர்கள் உள. அவை ஓயாது அசைந்து சளியைத் துவாரத்தை நோக்கித் தள்ளுகின்றன. கன்னக்குடாவின் வாயில் அதன் அடியில் இல்லை, உச்சியிலே உளது. ஆதலின் அங்குள்ள சளி கீழ்நோக்கி வடிவதன்று. பிசிர்கள் அதனை மேல்நோக்கிச் சுமந்து செல்ல வேண்டும். தடிமன் பற்றிச் சவ்வு வீங்கினால் வாயில் அடைபடும். புகை பட்டால் பிசிர்கள் சோரும். தேங்கிய சளியிற் பற்றீரியங்கள் பெருகிச் சீழாகும். நாசிக்குடா நோயின் தோற்றம் பெரும்பாலும் இவ்வளவே. கன்னக்குடாவுக்கு மட்டும் வேறொரு வாயிலும் உண்டு: மேற்கடைவாய்ப் பல்லின் வேர் அதன் தரையை எட்டுவதால், சொத்தைப் பல்லின் சீழும் அவ்வறையை அடையும். ஒரு பக்கத்துக் கன்னத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் பீனசம் என்று வருந்துவோர் முதலிற் பல் வைத்தியரைக் காணல் நன்று.

மலைநாட்டின் இயல்பு இந்நோய்க்கு எவ்வாறு துணைபுரிகின்றது? குளிரே காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உளது. தை, மாசியில் விடியற்புறத்தே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளில் வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீங்கா. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். ஆயினும் குளிர் தானாகவே சீழை உண்டாக்குவதன்று. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு பலர் ஒரு காம்பராவிற் படுத்துறங்குவதும், ஈர விறகையும் கவ்வாத்து மிலாறையும் எரித்தலால் எழும் புகை வெளியேற வழியின்றி உள்ளே சுழல்வதும், சுவரின் ஈரத்திற் பூஞ்சணம் படர்வதுமே மெய்யான காரணங்கள். கோப்பிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டிலே, தொழிலாளரைத் தங்கவைக்கக் கட்டிய லயத்தின் அமைப்பு தேயிலைக்கும் அப்படியே வழிவழி வந்தது. வைத்தியர் மருந்தால் திறக்க முயலும் மூக்கை வீட்டின் அமைப்பு ஒவ்வோர் இரவும் மீண்டும் அடைத்துவிடுகின்றது என்று கூறினால் மிகையாகாது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளே காரணம் வேறு. உலர்ந்த தேயிலையைச் சலித்து வகை பிரிக்கும் இடத்தில் பஞ்சு போன்ற நுண்டூசி காற்றிலே மிதக்கும். அத்தூசியால் தேயிலை ஆக்குவோர்க்கு இழைப்பு நோய் உண்டாவதை இலங்கை வைத்தியராகிய சி. ஜி. உறகொட 1970ஆம் ஆண்டில் வைத்திய உலகுக்கு எடுத்துக்காட்டினார். மூச்சுக்குழாயைச் சினக்கச் செய்யுந் தூசி மூக்கை மட்டும் வாளா விடுமோ? மூக்கும் நுரையீரலும் ஒரே வழியின் இரு முனைகள்.

இனி, பீனசத்தால் வருவதாகக் கருதப்படும் கண் மங்கலைப் பகுத்தாராய்தல் வேண்டும். நாசிக்குடாக்களுக்கும் கண்ணுக்கும் உணர்ச்சியை ஊட்டுவது ஒரே நரம்பின் கிளைகளாம். ஆதலின் ஓரிடத்து நோவு மற்றோரிடத்து நோவாகத் தோன்றும், கண்ணின் பின்புறம் கனக்கும், கண்ணீர் வடியும், வெளிச்சம் பொறாது. இவையெல்லாம் துன்பமேயன்றிப் பார்வைக்கு ஊறு செய்வன அல்ல. கண்ணீரைத் துடைத்தவுடன் எழுத்துத் தெளிவாகத் தெரியுமாயின் பார்வை நரம்பு நலமாகவே உளது.

அன்றியும், பீனசத் தலைவலி எனப்படுவதிற் பெரும்பகுதி பீனசமன்று. ஒற்றைத் தலைவலியே அவ்வேடத்தில் வருகின்றது. ஒரு பக்கத்தில் விண்விணென்று தெறிக்கும் வலி, குமட்டல், ஒளியைக் கண்டாற் கூச்சம், சில வேளை வலிக்கு முன் கண்முன்னே மின்னும் வளைகோடுகள் என்பன அதன் குறிகள். அந்நோயிலும் மூக்கு அடைபட்டு நீர் வடிவதுண்டாதலின் மயக்கம் இயல்பே. நாற்பதைக் கடந்தவர்க்கு ஊசியிலே நூல் கோத்தல் அரிதாவது வெள்ளெழுத்து, கண்ணாடியால் தீரும். சிறுவன் கரும்பலகையைச் சுருங்கிய கண்ணால் நோக்குவது கிட்டப்பார்வை. அதுவும் கண்ணாடியால் தீரும். முதியோர்க்குப் புகைபடிந்தது போன்ற மங்கல் பெரும்பாலும் கண்புரை. அது சத்திர சிகிச்சையால் தீரும். இவற்றை நொச்சியிலை வேதும் மஞ்சட்புகையும் கோடாலித் தைலமும் ஒருநாளும் தீர்க்கமாட்டா. வேது பிடித்தலால் மூக்கடைப்புச் சிறிது தளர்வது உண்மை. ஆனால் கொதிநீர்ப் பானையைப் போர்வைக்குள் வைத்துக் குழந்தையை அமர்த்தல் பெருந்தீங்காய் முடியக்கூடும். கண்ணிலே தாய்ப்பாலும் இலைச்சாறும் பிழிதல் அறவே தவிர்க்கத்தக்கது.

ஒவ்வாமையால் வருந்தும் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒன்று கூறல் வேண்டும். மூக்கரிப்பும் கண்ணரிப்பும் அவர்களுக்கு உடன்பிறந்தவை. அரிப்பைத் தாங்காது பிள்ளை கண்ணை நாள்தோறும் கசக்கும். ஆண்டுகள் சென்றபின், கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போன்றுள்ள படலம் மெலிந்து கூம்பாகப் பிதுங்கிப் பார்வை கோணுவதுண்டு. அரிப்பை அடக்கக் கடையிற் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலே ஸ்ரீரொயிட்டு அடங்கியிருப்பின் கேடு இருமடங்காகும். சிவப்பு உடனே மறையும்; பெற்றோர் மகிழ்ந்து மீண்டும் அதையே வாங்குவர். மாதக்கணக்கில் இட்டுவர, கண்ணின் உள்ளமுக்கம் நோவின்றி ஏறிப் பார்வை நரம்பை அரிக்கும். பீனசம் கெடுக்காத கண்ணை மருந்து கெடுத்த கதையாக அது முடியும்.

மெய்யான ஆபத்து எங்கே உளது? முதலாவதும் மிக விரைவானதும் சிறுவரிடத்தே காணப்படுவது. பிறக்கும்போதே நெய்யரிக்குடாவும் கன்னக்குடாவும் உருவாகியுள; நெற்றிக்குடா ஆறேழு வயதளவிலேயே புலப்படத் தொடங்கும். ஆதலின் குழந்தையின் கண்ணுக்குப் பரவும் சீழ் பெரும்பாலும் காகிதச் சுவரைத் தாண்டி வருவதே. நாலைந்து நாள் தடிமனும் காய்ச்சலும் இருந்த பிள்ளை ஒருநாட் காலை ஒரு கண் இமை வீங்கிச் சிவந்து எழுகின்றது. பூச்சி கடித்தது என்பர் சிலர்; கண்ணூறு என்பர் சிலர். அவ்வளவில் அழற்சி இமையின் தடுப்புச் சவ்வுக்கு முன்னாலேயே நின்றிருக்கலாம். அங்ஙனமாயின் மருந்தால் இலகுவில் அடங்கும். தடுப்பைக் கடந்து கட்குழியினுள் இறங்கிற்றாயின் கண் முன்னே தள்ளப்படும், அசைக்கும்போது நோகும், பிள்ளை ஒன்றை இரண்டாகக் காணும். என்புக்கும் அதன் உறைக்கும் இடையே சீழ் தேங்குதல் அடுத்தபடி. கட்குழியினுள்ளேயே சீழ்க்கட்டி அமைதல் அதற்கும் மேற்படி. கண்ணிலிருந்து குருதியை மீட்டுச் செல்லும் நாளங்களிற் கபாடங்கள் மிகக் குறைவாதலின் நச்சுக்குருதி பின்னோக்கி மூளையின் அடியிலுள்ள குருதிக்குடாவுக்கும் பாயும். கண்ணை அசைக்கும் நரம்புகள் அவ்விடத்தே நெருங்கிச் செல்வதால் அவை ஒவ்வொன்றாய்த் தளரும். இவ்வைந்து படிகளையும் சான்ட்லர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் துணைவரும் 1970ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தினர். உலகெங்கும் வைத்தியர் இன்றும் அவ்வரிசையாலேயே நோயின் ஏற்றத்தை அளக்கின்றனர். ஆயினும் நோய் எப்பொழுதும் படிப்படியாக ஏறுவதன்று. இரண்டு படிகளை ஓரிரவிலே தாண்டுவதும் உண்டு.

கண் ஏன் இவ்வளவு விரைவிற் கெடுகின்றது என்பதற்குக் காரணம் எளிது. கட்குழியின் நாற்புறமும் என்பு. வீங்குவதற்கு முன்புறமொன்றே வெளி. அமுக்கம் ஏறினால் பார்வை நரம்பும், விழித்திரைக்குக் குருதி கொணரும் நாடியும் நெருக்குண்ணும். குருதி முற்றாக நின்றால் விழித்திரை தாங்குங் காலம் மிகச் சிறிது. விலங்குகளில் நடாத்திய சோதனைகளில் ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு மேற்பட்டால் மீளாத சிதைவு தொடங்குகின்றது. பெனிசிலின் பரவலாக வழங்குமுன், அதாவது 1940ஆம் ஆண்டுகளுக்கு முன், இந்நோய் கண்ணோடு உயிரையும் பலமுறை கொண்டுசென்றது.

இரண்டாவது வகை, பையப் பைய வருவது. குடாவின் வாயில் நிலையாக அடைபட்டு, சீழின்றிச் சளி மட்டும் ஆண்டுக்கணக்கில் தேங்குமாயின் அவ்வறை பலூன் போல் ஊதி என்புச் சுவரை மெலிவிக்கும். நெற்றிக்குடாவில் இவ்வாறு நேர்ந்தால் கண் கீழ்நோக்கியும் புறநோக்கியும் தள்ளப்படும். நோவு சிறிதும் இராது. குடும்பப் புகைப்படத்தைப் பார்த்த உறவினரே ஒரு கண் தாழ்ந்திருப்பதை முதலிற் காண்பதுண்டு. ஆப்புருக்குடாவில் நேர்ந்தால் வெளியே ஓர் அடையாளமும் இல்லை. மூக்கடைப்பும் இல்லை, சளியும் இல்லை. உச்சந்தலையிலோ பிடரியிலோ ஆழ்ந்த வலி ஒன்று, அதன்பின் ஒரு கண்ணின் ஒளி குன்றல், இவ்வளவே. பீனசம் என்று எல்லாவற்றையும் கூறும் மக்கள், மெய்யாகவே குடாவிலிருந்து எழும் இந்நோயைப் பீனசம் என்று கூறுவதில்லை என்பது ஒரு விந்தை.

வைத்தியரும் இவ்விடத்தே தவறியதுண்டு. ஒனோடியின் ஆராய்ச்சி வெளிவந்த பின்னர் 20ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில், காரணம் புலப்படாத பார்வை நரம்பழற்சி அனைத்தும் நாசிக்குடாவின் குற்றமே என்னுங் கொள்கை மேனாடுகளிற் பரவிற்று. நலமான குடாக்களும் அறுத்துத் திறக்கப்பட்டன. பலர்க்குப் பார்வை மீண்டதால் சத்திர சிகிச்சை புகழ்பெற்றது. பிற்காலத்தே அறியப்பட்டது யாதெனின், அந்நரம்பழற்சி பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் தானாகவே தணிவது என்பதும், அவர்களிற் பலர் மூளையிலும் முண்ணாணிலும் நரம்புறையைத் தாக்கும் வேறொரு நோயின் தொடக்கநிலையில் இருந்தனர் என்பதுமாம். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய கணினிக் கதிர்ப்படக் கருவி 1971ஆம் ஆண்டில் முதன்முறை நோயாளி ஒருவரின் தலையைப் படம்பிடித்தது. அதன்பின்னரே குடாவுக்குக் குற்றம் உண்டா இல்லையா என்பதை அறுக்காமலே காண முடிந்தது.

மூன்றாவது வகை பங்கசினால் வருவது. 2021ஆம் ஆண்டில் இந்தியா முழுவதையும் நடுக்கிய கரும்பூஞ்சை நோயை எவரும் மறந்திரார். கொவிட் நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தோர், அவருள்ளும் நீரிழிவு கட்டுக்கடங்காதவரும் ஸ்ரீரொயிட்டு மருந்து மிகுதியாகப் பெற்றவரும், மூக்கிற் கருநிறப் பொருக்கும் கன்னத்தில் மரப்பும் இமைவீக்கமுமாக வைத்தியசாலைகளை அடைந்தனர். தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு மே மாதத்தில் அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக விளம்பிற்று. ஆனி மாத முடிவுக்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். அப்பங்கசு புதியதன்று; மண்ணிலும் மக்கிய இலையிலும் எங்கும் உளது. நலமுடையோர் அதனை நாள்தோறும் சுவாசித்தும் தீங்குறார். குருதியில் வெல்லமும் அமிலமும் மிகுந்த உடலில் அது குருதிக்கலனின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து குருதியை உறையச் செய்யும். குருதியற்ற இழையம் கருகும். அக்கருமையே அதன் பெயருக்குக் காரணம். மூக்கிலிருந்து கட்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் அது சில நாட்களிற் பரவும். உயிரைக் காக்கக் கண்ணையே அகற்ற நேர்ந்தோர் பலர். கொள்ளைநோய் தணிந்தமையால் இப்பங்கசு அழிந்துவிடவில்லை. இனிப்புத் தேநீரும் மாச்சோறும் ரொட்டியும் முக்கிய உணவாகவுள்ள தோட்டங்களில் நீரிழிவு புதுமையன்று. நீரிழிவுடையோர்க்கு முகத்தில் ஒருபக்க மரப்பும் மூக்கிற் கருமையும் தோன்றின் அது பீனசம் என்று காத்திருக்கும் நோயன்று.

நோயை அறிந்தும் வைத்தியரை அடைதல் மலைநாட்டில் எளிதாயிருந்ததில்லை. தோட்டத் தொழிலாளர்க்கு வைத்திய வசதி அளிப்பதற்கான சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனை விரித்தன. தோட்டந்தோறும் ஒரு மருந்துச்சாலையும் அங்கே ஒரு மருத்துவ உதவியாளரும் என்னும் அமைப்பு அவற்றின் வழி வந்ததே. அவ்வுதவியாளர் பேறுகாலம் முதல் அட்டைக்கடி வரை அனைத்தையும் பார்த்தனர். கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியோ மூக்கினுள் நுழைக்கும் குழாய்க்கருவியோ அவரிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின; 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை கம்பனிகளுக்கு மாறிற்று. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. எனினும் கண், மூக்கு இரண்டுக்கும் உரிய நிபுணரை ஒருங்கே காண, அட்டனிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மலைப்பாதையிலே கண்டிவரை செல்லும் நிலை பலர்க்கு நேர்கின்றது. வெள்ளிக்கிழமை மாலை வீங்கிய இமை திங்கட்கிழமைவரை காத்திருப்பதற்குத் தூரம் ஒரு காரணம். இழக்கும் நாட்சம்பளம் இன்னொரு காரணம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த ‘சுவசெரிய’ இலவச நோயாளர் வண்டியை 1990 என்னும் எண்ணால் அழைக்கலாம் என்பதைத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றும் அறிந்திருத்தல் தகும்.

எந்த வீக்கத்துக்கு அவ்வண்டி வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதை லயத்து வாசலிலேயே ஓரளவு அறியலாம். வீங்கிய இமையைச் சுத்தமான விரலால் மெல்ல விலக்கி, கண் முன்தள்ளி நிற்கின்றதா, நாற்றிசையும் அசைகின்றதா, அசைக்கையில் நோகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடி விரல்களை எண்ணச் செய்தல் வேண்டும். இரு கண்ணாலும் ஒருங்கே நோக்குவோர் ஒரு கண்ணின் குறையை நெடுநாள் அறியார். மூடிப் பார்க்கும் பொழுதே அது வெளிப்படும். அதனினும் நுண்ணிய சோதனை ஒன்று உண்டு. பார்வை நரம்பு நெருக்குண்ணும் போது எழுத்து மறைவதற்கு முன்னரே நிறம் வெளிறும். அதிலும் சிவப்பே முதலில் வெளிறும். நல்ல சிவப்புத் துணி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்குந் தனித்தனியே காட்டி, இரண்டிலும் ஒரே சிவப்பாகத் தெரிகின்றதா என்று வினாவுதல் போதும். ஒரு கண்ணில் அது செங்கல் நிறமாகவோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ தோன்றுமாயின், வீக்கம் சிறிதாயினும் நோய் சிறிதன்று. இதற்குக் கருவியும் வேண்டா; பணமும் வேண்டா.

வைத்தியசாலையிலே நிகழ்வது சுருக்கமாகக் கூறத்தக்கது. நாளத்தின் வழியே நுண்ணுயிர்கொல்லி மருந்து, கதிர்ப்படம், மணிக்கொரு முறையோ சில மணிக்கொரு முறையோ பார்வைச் சோதனை. பார்வை குன்றினும், மருந்துக்கு நோய் இணங்காவிடினும், சீழ் வடிக்கப்படும். முற்காலத்தில் முகத்தை வெட்டியே குடாவை அடைந்தனர். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மெசர்கிளிங்கர் 1970ஆம் ஆண்டுகளில் மூக்கின் துவாரத்தின் வழியே குழாய்க்கருவியைச் செலுத்திக் குடாக்களின் இயற்கை வாயில்களை ஆராய்ந்து வகுத்த நெறி, முகத்தில் வடுவின்றிச் சிகிச்சை செய்ய வழி திறந்தது. கண்டியிலும் கொழும்பிலும் இன்று கையாளப்படுவது அந்நெறியே. சளி ஊதிய அறையைத் திறந்துவிட்டால் தாழ்ந்திருந்த கண் தன் நிலைக்கு மீளும். ஒன்று இரண்டாகத் தெரிதலும் மறையும். நரம்பின் ஒளி மீளுமா என்பது அது எத்துணை நாள் நெருக்குண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. சில நாளாயின் பெரும்பாலும் மீளும். மாதங்களாயின் நரம்பு வெளிறிச் சுருங்கியிருக்கும், அறையைத் திறந்தும் பயன் சிறிதே. மீளும் கண்ணிலும் முதலில் மீள்வது ஒளியே. பின்னரே எழுத்துத் தெளியும். சிவப்பு நிறம் தன் முழுச் செம்மையுடன் திரும்புவதற்குப் பல மாதங்கள் செல்வதுண்டு. பார்வை மற்றெல்லா வகையிலும் நிறைந்த பின்னரும் அந்த ஒரு நிறம் மட்டும் சிலர்க்கு வெளிறியே நின்றுவிடுகின்றது.